எடுப்பிலிருந்து பின்னோக்கி: வயலினில் கற்பனைச் சுரம் வாசிக்கக் கற்கும் வழி

வர்ணங்களையும் பத்துப் பதினைந்து கீர்த்தனைகளையும் பிசகில்லாமல் வாசிக்கும் மாணவரிடம், "இந்தப் பல்லவிக்கு இரண்டு ஆவர்த்தனம் சுரம் வாசி" என்று ஆசிரியர் சொன்னதும் வில் அந்தரத்தில் நின்றுவிடும். தனக்குக் கற்பனை போதவில்லை என்று மாணவர் நினைத்துக்கொள்கிறார்; பெற்றோரும் அப்படியே நினைக்கிறார்கள். நான் பார்த்தவரையில் குறை பெரும்பாலும் கற்பனையில் இருப்பதில்லை. எந்த இடத்தில், எந்தச் சுரத்தில் முடித்துப் பல்லவியைத் திரும்ப எடுப்பது என்பது கைக்கு வராததால்தான் தொடங்கவே தயக்கம் ஏற்படுகிறது. ஆகவே இங்கே பயிற்சியை முடிவிலிருந்து தொடங்கப் போகிறோம். எடுப்புக்கு, அதாவது தாளத்தில் பல்லவி தொடங்கும் இடத்துக்கு, வந்து சேரும் கடைசி இரண்டு சுரங்கள் முதலில். பிறகு கடைசி நான்கு, எட்டு, பதினாறு என்று பின்னோக்கி நீட்டி, ஒரு முழு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) நம் சொந்தச் சுரங்களால் நிரம்பும் வரை செல்வோம்.

ஆலாபனை, தானம், நிரவல், கற்பனைச் சுரம் ஆகிய, அவ்விடத்திலேயே கற்பனை செய்து வாசிக்கும் வகைகளைச் சேர்த்து மனோதர்மம் என்கிறோம். இவற்றுள் வாத்தியக்காரர் முதலில் கைக்கொள்ள ஏற்றது கற்பனைச் சுரமே என்பது என் கருத்து. ஆலாபனைக்குத் தாளத்தின் கட்டு இல்லை. கட்டு இல்லாத இடத்தில் புதியவர் தன் பிழையைத் தானே கண்டுபிடிப்பது கடினம். பாட்டின் ஒரு வரியை விரித்து வாசிக்கும் நிரவலுக்குச் சாகித்தியம் (பாட்டின் சொற்கள்) வேண்டும். வயலினில் சொல் கேட்காது, சொல்லின் வெட்டு மட்டுமே கேட்கும். லால்குடி ஜெயராமன் (1930–2013) போன்றவர்கள் வில்லாலேயே சொல்லைப் பிரித்துக் காட்டினார்கள் என்றாலும், அது தொடக்க நிலைக்கு உரிய வேலை அன்று. சுரத்திலோ சரியும் தவறும் உடனே தெரிந்துவிடுகின்றன: எடுப்பு பொருந்தியது, அல்லது பொருந்தவில்லை.

தொடங்கும் முன்

ஸரளி, ஜண்டை, தாட்டு வரிசைகளும் அலங்காரங்களும் மூன்று காலத்தில் சுருதி விலகாமல் வர வேண்டும். குறைந்தது நான்கு வர்ணங்களாவது இரண்டு காலத்தில் மனப்பாடமாக இருக்க வேண்டும். கேட்ட சிறிய சொற்றொடரைச் சுரப்படுத்திச் சொல்லும் பழக்கம் ஓரளவு இருக்க வேண்டும். இவை இல்லாமல் தொடங்கினால் வாசிப்பவரின் கவனம் முழுவதும் விரலைத் தேடுவதிலேயே போய்விடும். ஒரு சுருதிப் பெட்டியோ செயலியோ, தாளத்துக்கு ஒரு துணையோ கருவியோ, ஒரு ஏடு, கைப்பேசியின் ஒலிப்பதிவு ஆகியவை போதும்.

ராகத் தேர்வில் அவசரம் கூடாது. நான் மோகனத்தைச் சொல்வேன். ஹரிகாம்போதியில் பிறந்த அந்த ராகத்துக்கு ஏறும்போதும் இறங்கும்போதும் ஸ ரி க ப த என்ற ஐந்தே சுரங்கள். வக்கிரம் (வளைந்து செல்லும் சுர வரிசை) இல்லை, அன்னிய சுரம் (தாய் ராகத்தில் இல்லாத சுரம்) இல்லை, சுரங்களுக்கு இடையே தாராளமான இடைவெளி உண்டு. வயலினில் இன்னொரு வசதியும் இருக்கிறது. நம் வயலினின் நான்கு தந்திகளும் ஸ, ப, ஸ, ப என்று சேர்க்கப்படுவதால், ஸட்ஜத் தந்தியில் ரிஷபத்துக்கு விரல் விழும் இடமும் அடுத்த பஞ்சமத் தந்தியில் தைவதத்துக்கு விரல் விழும் இடமும் ஏறக்குறைய நேருக்கு நேர் அமைகின்றன. "ஸ ரி" பழகிய கைக்கு "ப த" பாதி பழகிவிட்டது என்று பொருள். சங்கராபரணம் பெரிய ராகம், எல்லாருக்கும் பிடித்த ராகம். ஆனால் ஏழு சுரங்களும் திறந்து கிடக்கும்போது புதியவர் ஸரளி வரிசைக்குள் விழுந்துவிடுகிறார். ஸஹானா, ஆனந்தபைரவி போன்ற ராகங்கள் சுர வரிசையால் அல்லாமல் பிடிகளால் (ராகத்துக்கே உரிய சொற்றொடர்களால்) உருவம் பெறுபவை. அவற்றில் சுரத்தை மாற்றிக் கோத்தால் ராகமே கலைந்துவிடும். அவற்றைச் சில ஆண்டுகள் கழித்துப் பார்க்கலாம்.

வர்ணமே பாடப்புத்தகம்

மோகனத்தில் ஏறக்குறைய எல்லா மாணவருக்கும் தெரிந்த வர்ணம் ராமநாதபுரம் (பூச்சி) சீனிவாச ஐயங்கார் இயற்றிய ஆதி தாள "நின்னுக்கோரி". இதன் பல்லவி சமத்திலேயே (தாளச் சுற்றின் முதல் தட்டில்), காந்தாரத்தில் எடுக்கிறது. நமக்கு வேண்டியது இதுதான்: தெரிந்த வரி, எளிய இடம், நடுவாந்தரச் சுரம். வர்ணத்துக்குக் கற்பனைச் சுரம் வாசிப்பது கச்சேரியில் பெரும்பாலும் வழக்கம் இல்லை. இங்கே பயிற்சிக்காக மட்டும் அதன் பல்லவி வரியை எடுத்துக்கொள்கிறோம். மாணவர் அடுத்த நிலைக்கு வரும்போது மோகனத்தில் ஒரு கீர்த்தனையின் பல்லவிக்கு மாறிக்கொள்ளலாம்.

வர்ணத்தில் இன்னொரு புதையல் இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை. சரணத்துக்குப் பின் வரும் சுரக் கோவைகள், அதாவது எத்துக்கடைச் சுரங்கள், ஒவ்வொன்றும் முடிந்ததும் சரண வரிக்குத் திரும்புகின்றன. முதல் கோவை பொதுவாக நீண்ட சுரங்களால் ஆனது; அடுத்தவை படிப்படியாக நெருங்கி நீள்கின்றன. கற்பனைச் சுரத்தின் கட்டமைப்பும் இதே தான், ஒரே ஒரு வேறுபாட்டுடன்: வர்ணத்தில் அது எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே ஒரு வாரம் புதிதாக எதையும் வாசிக்காமல், அந்தக் கோவைகளின் கடைசி நான்கு சுரங்களை மட்டும் ஏட்டில் எழுதி, அவை சரணத்தின் முதல் சுரத்தை எப்படித் தொடுகின்றன என்று பாருங்கள். மேலிருந்து இறங்கித் தொடுகிறதா, கீழிருந்து ஏறித் தொடுகிறதா, எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்த மற்ற வர்ணங்களிலும் இதையே செய்யலாம்.

கடைசி இரண்டு சுரம்

இனி வரும் பயிற்சிகளில் ஒரு களை ஆதி தாளத்தை, ஓர் அட்சரத்துக்கு 4 மாத்திரை என்ற கணக்கில், 32 மாத்திரை கொண்ட ஓர் ஆவர்த்தனமாக எடுத்துக்கொள்கிறேன். அதில் முதலில் நான்கு அட்சர லகு ஒன்று, பிறகு ஒரு தட்டும் ஒரு வீச்சுமான துருதம் இரண்டு. காற்புள்ளி ஒரு மாத்திரைக் கார்வையை (சுரத்தை நீட்டி நிற்பதை) குறிக்கும்; "ஸ்" என்று புள்ளியுடன் எழுதியிருப்பது மேல் ஸட்ஜம்.

எடுப்பு காந்தாரத்தில் இருப்பதால், நம் சுரம் அதற்குப் பக்கத்துச் சுரம் ஒன்றில் முடிவது வழக்கம்: கீழே ரிஷபம், மேலே பஞ்சமம். காந்தாரத்திலேயே முடித்தால் எடுப்பின் முதல் எழுத்து மங்கிவிடும். மேல் ஸட்ஜத்தில் முடித்துக் காந்தாரத்துக்குத் தாவினால் கேட்பவருக்கு ஒரு குலுக்கல் ஏற்படும். வித்துவான்கள் இந்த வழக்கத்தை வேண்டுமென்றே மீறி அழகு செய்வதுண்டு, ஆனால் மீறுவதற்கு முன் அது கைக்குள் இருக்க வேண்டும்.

முதல் பயிற்சி வேடிக்கையாகத் தோன்றும் அளவுக்கு எளிது. பல்லவியை வாசித்து, ஆவர்த்தனத்தின் கடைசி வீச்சின் பிற்பாதியில் "ஸ ரி" என்று இரண்டே சுரங்களை மட்டும் வாசித்து, சமத்தில் பல்லவியை எடுக்க வேண்டும். பிறகு "த ப". இரண்டையும் மாற்றி மாற்றி இருபது முறை. அடுத்து நான்கு சுரம், அதாவது கடைசி வீச்சு முழுவதும்: "க ரி ஸ ரி", "க ப த ப", "ரி க ஸ ரி", "ஸ் ஸ் த ப". அடுத்து எட்டு, அதாவது கடைசி துருதத்தின் தட்டும் வீச்சும்: "க ப த ப க ரி ஸ ரி" அல்லது "ரி க ப த ஸ் ஸ் த ப". பதினாறு என்றால் இரண்டு துருதங்களும் நிரம்பும்.

ஒவ்வொரு நீளத்துக்கும் குறைந்தது பத்துத் தொடர்களை நீங்களே எழுதுங்கள். எழுதி வைப்பது கற்பனை ஆகாதே என்று சிலர் தயங்குவார்கள். எழுதியதை அப்படியே மேடையில் வாசித்தால் ஆகாதுதான். ஆனால் எழுதிய நாற்பது தொடர்கள் கையில் ஊறிய பிறகு, நாற்பத்தோராவது தொடர் எழுதாமலே வரும்; அது பெரும்பாலும் முன்பு எழுதிய இரண்டின் தலையும் வாலும் சேர்ந்ததாக இருக்கும், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இந்த ஒரு படியில் மட்டும் ஒரு மாதம் தங்குவது நல்லது. அவசரப்படும் மாணவர்கள் இங்கேதான் தாண்டிக் குதிக்கிறார்கள். பிறகு ஆண்டுக் கணக்கில் எடுப்பைக் கண்டு அஞ்சுகிறார்கள்.

வாயும் கையும்

வாய்ப்பாட்டுக்காரர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு பாடலாம். வயலின்காரருக்கு இரண்டு கைகளும் வேலையில் இருக்கின்றன. சம்மணமிட்டு அமர்ந்து, வயலினின் தலையை வலது கணுக்காலில் ஊன்றியிருப்பதால் காலால் தட்டவும் முடியாது. ஆகவே ஒவ்வொரு தொடரையும் முதலில் வயலினைக் கீழே வைத்துவிட்டு, கையால் தாளம் போட்டு, சுரப் பெயர்களைச் சொல்லிப் பாட வேண்டும். மூன்று முறை பிசகில்லாமல் வந்த பிறகே வில்லைத் தொட வேண்டும். வாசிக்கும்போது தாளத்தை ஒரு தோழரோ கருவியோ போடட்டும். வெறும் தட்டுகளை ஒலிக்கும் கருவியைவிட, லகுவையும் துருதத்தையும் வேறுபடுத்தி ஒலிக்கும் கருவி மேல்.

பாடுவதை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குத் தாளம் மட்டும் காரணம் அன்று. விரலுக்கு என்று சில பழகிய தடங்கள் உண்டு. மனம் அயர்ந்தால் விரல் அந்தத் தடத்திலேயே ஓடும். "ஸ ரி க ப த ஸ்" என்று ஏறி அதே வழியில் இறங்குவது விரலின் வேலை, மனத்தின் வேலை அன்று. வாயால் பாடும்போது விரலின் தடம் குறுக்கிடுவதில்லை. குரல் இனிமையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. என் குரலைக் கேட்டவர்கள் இதற்குச் சாட்சி சொல்வார்கள்.

கீழ்காலத்தில் ஓர் ஆவர்த்தனம்

வந்து சேர்வது உறுதியானதும் ஆவர்த்தனத்தின் முன்பகுதியை நிரப்பலாம். இப்போது அட்சரத்துக்கு இரண்டு சுரம் என்ற கீழ்காலத்திலிருந்து தொடங்குங்கள். ஓர் ஆவர்த்தனத்துக்கு 16 சுரங்களே வேண்டும். அவற்றிலும் நான்கைந்து கார்வையாக இருந்தால் இன்னும் அழகு. கீழ்காலத்தை மெதுவான மேல்காலம் என்று எண்ணிவிடக் கூடாது. சுரத்துக்குக் கமகம் (அசைவு) கொடுக்க இடம் இருப்பது இங்கேதான். ராகத்தின் முகம் தெரிவதும் இங்கேதான்.

எதைக் கொண்டு நிரப்புவது என்ற கேள்விக்கு என் விடை, ஒரு சுரத்தில் தங்குவது. ஒரு நாள் முழுவதும் காந்தாரத்தைச் சுற்றியே வாசியுங்கள்: ஒவ்வொரு தொடரும் காந்தாரத்தில் நிற்கட்டும், அல்லது அதிலிருந்து புறப்படட்டும். மறுநாள் பஞ்சமம், அதற்கு மறுநாள் தைவதம், பிறகு மேல் ஸட்ஜம். இப்படி ஒரு வாரம் செய்தால், ஒரே ராகம் ஒவ்வொரு சுரத்தின் வாசலிலிருந்தும் வேறு மாதிரித் தெரிவதைக் காணலாம். நல்ல வித்துவான் பத்து நிமிடம் சுரம் வாசிக்கும்போது கேட்பவருக்கு அலுக்காமல் இருப்பதற்கும் இதுவே பெரிய காரணம். அவர் தங்கும் சுரத்தைப் படிப்படியாக மேலே நகர்த்திக்கொண்டு போகிறார்.

மேல்காலமும் சர்வலகுவும்

அட்சரத்துக்கு நான்கு சுரம் என்ற மேல்காலத்துக்கு வந்ததும் கணக்கு ஆசை பிடித்துக்கொள்ளும். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். தாளத்தின் இயல்பான நான்கு நான்கான ஓட்டத்தோடு இழைந்து செல்லும் சர்வலகுச் சுரம்தான் அடித்தளம். மதுரை மணி ஐயரின் (1912–1968) ஒலிப்பதிவுகளைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: சுரம் தாளத்தின் மேல் மிதந்து செல்லும், கேட்பவரின் கை தானாகத் தாளம் போடத் தொடங்கும். வயலின் மாணவரானாலும் அவருடைய பாட்டைக் கேட்டு, நான்கு நான்கு ஆவர்த்தனமாக எழுதி வாசித்துப் பார்ப்பது பெரும் பயன் தரும். சர்வலகுவுக்கு மோகனத்தில் ஓர் எளிய மாதிரி:

க , க ரி | ஸ ரி க ரி | க , க ப | த ப க ரி ||
க ப த , | ஸ் த ப த || க ப த ப | க ரி ஸ ரி ||

கடைசி எட்டுச் சுரம் நாம் முன்பு பழகியதே என்பதைக் கவனியுங்கள். அதற்கு முந்தைய பகுதியில் காந்தாரம் பல முறை கார்வையோடும் இல்லாமலும் திரும்பி வந்து, பிறகு தைவதத்தில் ஒரு மாத்திரை நின்று மேல் ஸட்ஜத்தைத் தொடுகிறது. இதை நூறு முறை வாசிப்பதைவிட, முதல் வரியை மாற்றாமல் இரண்டாம் வரியைப் பத்து விதமாகவும், பிறகு இரண்டாம் வரியை மாற்றாமல் முதல் வரியைப் பத்து விதமாகவும் வாசிப்பது மேல். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் புதிதாக்க முயன்றால் எல்லாமே ஆட்டம் காணும்.

ஓட்டம் கைவந்த பிறகு நான்குகளுக்குள் மூன்றுகளைச் செருகிப் பார்க்கலாம். தகிட என்ற மூன்று மாத்திரைச் சொல்லை நான்கு முறையும் தகதிமி என்பதை ஒரு முறையும் சொன்னால் 16 மாத்திரை. அதாவது இரண்டு துருதங்கள். லகு முடிந்ததும் தொடங்கினால் சமத்துக்கு வந்துவிடும்:

ஸ் த ப, த ப க, ப க ரி, க ரி ஸ, க ரி ஸ ரி

(இந்த வரியில் மட்டும் காற்புள்ளி தொடர்களைப் பிரித்துக் காட்டுவதற்காக, கார்வை இல்லை.) சொற்கட்டைத் தாளத்தோடு வாயால் சொல்லி, பிறகு சுரமாகப் பாடி, பிறகு வாசிக்கும் மூன்று நிலைகளையும் இங்கே கடைப்பிடியுங்கள். மூன்றின் அழுத்தம் தாளத்தின் தட்டோடு மோதும்போது கை தடுமாறுவது இயல்பு.

வில், விரல், கமகம்

சுரம் வாசிக்கும்போது ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு வில் போட்டால் தெளிவு கிடைக்கும், ஆனால் எல்லாச் சுரங்களும் ஒரே எடையில் ஆணி அடித்தாற்போல் ஒலிக்கும். ஒரே வில்லில் எட்டுச் சுரங்களை இழுத்தால் குழைவு கிடைக்கும், ஆனால் சுரத்தின் உச்சரிப்பு போய்விடும். தொடரின் அமைப்பைப் பார்த்து வில்லைப் பிரிக்க வேண்டும்: நான்கு சுரத் தொடரில் இரண்டு இரண்டாக, மூன்று சுரத் தொடரில் முதல் சுரத்துக்குத் தனி வில்லும் மற்ற இரண்டுக்கும் ஒரு வில்லுமாக என்று பல வகைகளை முயன்று, பாடுவதற்கு மிக நெருக்கமாக எது ஒலிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். எடுப்புக்கு வரும்போது வில்லில் போதிய நீளம் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது சின்ன விஷயம் போலத் தோன்றும். பல்லவியின் முதல் எழுத்து இளைத்து ஒலிப்பதற்கு அதுவே காரணமாக இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

மோகனத்தில் பஞ்சமம் வெறுந்தந்தியாகவே கிடைக்கிறது. விரைவான தொடர்களில் அது வசதி. ஆனால் கீழ்காலத்தில் "க ப" என்று போகும்போது வெறுந்தந்தியைத் தொட்டால் சுரங்களுக்கு இடையே ஒரு வெட்டு விழும். ஸட்ஜத் தந்தியிலேயே காந்தாரத்திலிருந்து பஞ்சமத்துக்கு விரலை ஜாருவாக இழுத்தால் ராகம் பேசும். இரண்டையும் பழகி, இடம் பார்த்துத் தேர்ந்துகொள்ள வேண்டும். வீணைக்காரருக்கு இதே கேள்வி மீட்டில் வருகிறது: எந்தச் சுரத்தை மீட்டுவது, எதை முந்தைய மீட்டின் ஒலி தீர்வதற்குள் இடது கையாலேயே எழுப்புவது. குழல்காரருக்கு அது மூச்சுக் கணக்கு. அவர் தன் தொடர்களை எழுதும்போதே மூச்சு எடுக்கும் கார்வைகளையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

கோர்வை கட்டுதல்

சுரத்தை நிறைவு செய்யும் கணக்கான முடிப்பு கோர்வை. அதன் எளிய வடிவம், ஒரு தொடரை மூன்று முறை வாசித்து எடுப்பில் சேர்வது. "ப க ரி ஸ ரி" என்பது ஐந்து மாத்திரை. இடைவெளி இல்லாமல் மூன்று முறை என்றால் 15. ஆவர்த்தனம் 32 என்பதால், லகுவின் 16 மாத்திரை முடிந்து, ஒரு மாத்திரை விட்டுத் தொடங்கினால் சமத்துக்குச் சரியாக வந்து சேரும். இங்கும் பின்னோக்கி எண்ணும் பழக்கமே கைகொடுக்கிறது.

இப்போது இதற்கு ஒரு முற்பகுதி சேர்ப்போம். இரண்டு மாத்திரைக் கார்வையுடன் நான்கு, மூன்று, இரண்டு சுரத் தொடர்கள். பிறகு, இடையிடையே ஒரு மாத்திரை விட்டு, மேலே சொன்ன ஐந்து மூன்று முறை:

க ப த ஸ் , ,
ப த ஸ் , ,
த ஸ் , ,
ப க ரி ஸ ரி ,
ப க ரி ஸ ரி ,
ப க ரி ஸ ரி

முற்பகுதி 6, 5, 4 ஆக 15, பிற்பகுதி 6, 6, 5 ஆக 17, மொத்தம் 32. சமத்தில் தொடங்கினால் சமத்தில் முடியும். முற்பகுதி பசுவின் வால் போலக் குறுகிக்கொண்டே வருவதால் இந்த அமைப்பைக் கோபுச்ச யதி என்பார்கள். கணக்கு எப்போதும் காதுக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்பதற்கும் இதிலேயே ஒரு பாடம் இருக்கிறது: மேல் ஸட்ஜத்தில் மூன்று முறை நிற்பதால்தான், பிறகு வரும் இறக்கம் முடிவாக ஒலிக்கிறது. அதே எண்களைக் கொண்டு, சுரங்களைக் கண்டபடி போட்டுப் பாருங்கள். கணக்கு சரியாக வரும், கோர்வை வராது.

நல்ல கோர்வை ஒன்று கிடைத்ததும் அதையே எல்லா இடத்திலும் ஒட்டவைக்கும் ஆசை எழும். ஒரு பாட்டுக்கு ஒரு கோர்வை போதும். ஒவ்வொரு ஆவர்த்தனத்தையும் கணக்கோடு முடிப்பவரின் சுரத்தை "விவகாரம்" என்று சபையில் சொல்வார்கள். அது எப்போதும் பாராட்டாகவே சொல்லப்படுவதில்லை.

இடம் மாறும்போது

எல்லாப் பாட்டும் சமத்தில் எடுக்காது. ஒன்றரை இடத்தில் எடுக்கும் பல்லவி என்றால், ஒரு களை ஆதியில் சமத்துக்குப் பின் 6 மாத்திரை கழித்து எடுப்பு. புதியவர் இதைக் கண்டு மிரள்கிறார்; ஆனால் எடுப்பிலிருந்து அடுத்த எடுப்பு வரை எண்ணினால் அப்போதும் அதே 32தான். மேலே கண்ட கோர்வையைச் சமத்துக்குப் பதிலாக எடுப்பு இடத்திலேயே தொடங்கினால் எடுப்பிலேயே முடியும். கடினமாக இருப்பது கணக்கு அன்று. சமம் நடுவில் கடந்து போகும்போது அங்கே நின்றுவிடாமல் இருப்பதுதான். இதற்கும் கடைசி இரண்டு சுரத்திலிருந்தே மீண்டும் பழகிக்கொண்டு வர வேண்டும்; இந்த முறை ஒரு வாரம் போதும்.

தாளம் மாறினாலும் வழி இதுவே. மூன்று தட்டாகப் போடும் ரூபகத்தில் ஆவர்த்தனம் 12 மாத்திரை. 15 மாத்திரை முடிப்புக்கு இரண்டு ஆவர்த்தனங்களை 24 என்று எடுத்துக்கொண்டு, 9 மாத்திரை கழித்துத் தொடங்க வேண்டும். மிச்ர சாபுவில் ஆவர்த்தனம் 14 மாத்திரை என்பதால், முந்தைய ஆவர்த்தனத்தின் கடைசி மாத்திரையிலேயே தொடங்கினால் பொருந்திவிடும்.

ஆலாபனைக்கு ஒரு நுழைவாயில்

சுரம் ஓரளவு வந்த பிறகு ஆலாபனையைத் தொடங்குவது எளிது, ஏனென்றால் சுரத்துக்காகத் தங்கிப் பழகிய இடங்களே ஆலாபனைக்கும் தங்கும் இடங்கள். தாளக் கருவியை நிறுத்திவிட்டு, சுருதியை மட்டும் வைத்துக்கொண்டு, கீழ்காலத்தில் நீங்கள் வாசித்த தொடர்களைச் சுர உச்சரிப்பு இல்லாமல், நீண்ட வில்லில், கமகத்தோடு வாசியுங்கள். முதல் நாள் மத்திய ஸட்ஜத்திலிருந்து பஞ்சமம் வரை மட்டும், இரண்டு நிமிடம். மேலே போக ஆசை வந்தாலும் போக வேண்டாம். அடுத்த வாரம் மேல் ஸட்ஜம் வரை. தார ஸ்தாயிக்குப் போவது அதற்கும் அடுத்த வாரம். மந்தர ஸ்தாயியை மறந்துவிடாதீர்கள், வயலினின் தடித்த தந்திகள் அதற்காகவே இருக்கின்றன. ஒரு தொடருக்கும் அடுத்த தொடருக்கும் நடுவே மௌனம் விடுவதும் பயிற்சியில் சேர்ந்தது.

கேட்பதற்கு நாகசுரத்தைச் சொல்வேன். டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடி ஆலாபனையைக் கேட்டால், ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் எவ்வளவு செய்ய முடியும் என்பது தெரியும். வயலினில் லால்குடி ஜெயராமன், டி. என். கிருஷ்ணன், எம். எஸ். கோபாலகிருஷ்ணன் ஆகிய மூவரின் ஒரே ராக ஆலாபனைகளை அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒரே கருவியில் மூன்று வில்கள் மூன்று விதமாக யோசிப்பது புலப்படும். மூவரையும் ஒரே நேரத்தில் பின்பற்ற முயல வேண்டாம்.

பதிவும் மேடையும்

வாரம் ஒரு முறை பத்து நிமிடம் நிறுத்தாமல் சுரம் வாசித்துப் பதிவு செய்யுங்கள். உடனே கேட்காமல், இரண்டு நாள் கழித்துக் கேளுங்கள். கையில் ஏடு இருக்கட்டும். பெரும்பாலும் முதலில் தெரிவது, எல்லா ஆவர்த்தனமும் ஒரே நான்கு சுரத்தில் முடிந்திருப்பது. அடுத்துத் தெரிவது, எடுப்பு நெருங்க நெருங்கக் காலம் ஓடியிருப்பது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: அந்தப் பழகிய முடிவை அடுத்த வாரம் முழுவதும் வாசிப்பதில்லை என்று விலக்கி வைப்பது.

மிருதங்கம் பழகும் ஒரு தோழர் கிடைத்தால் குறைப்பு வாசித்துப் பாருங்கள்: நீங்கள் ஓர் ஆவர்த்தனம், அவர் ஓர் ஆவர்த்தனம், பிறகு அரை, பிறகு கால் என்று குறைந்துகொண்டே போய், இருவரும் சேர்ந்து கோர்வையில் முடிப்பது. ஒரே சுரத்தைச் சுற்றிக் குறைப்பு நடப்பது மரபு. தனியாக ஒரு மாதத்தில் கிடைக்காத தாளக் கட்டுப்பாடு இதில் சில நாட்களில் கிடைத்துவிடும்.

எடுப்பு தவறும் நாளும் வரும். என் முதல் கோயில் கச்சேரியில் கோர்வையை ஒரு தட்டு முன்னதாகவே முடித்துவிட்டு, விட்ட இடத்தைப் பிடிக்க இன்னும் வேகமாக எதையோ வாசித்து, மொத்தமாகத் தாளத்தையே தொலைத்தேன். மிருதங்கக்காரர் சிரித்துக்கொண்டே சமத்தை அழுத்தித் தட்டிக் காட்டினார். அதைக் கேட்கும் நிலையில் நான் இல்லை. அன்று செய்திருக்க வேண்டியது மிக எளிது: ரிஷபத்திலோ பஞ்சமத்திலோ ஒரு நீண்ட கார்வையில் நின்று, தாளத்தைக் காதால் பிடித்து, கடைசி வீச்சு வந்ததும் நான்கு சுரத்தோடு பல்லவியை எடுப்பது. இந்த மீட்சியையும் வீட்டிலேயே பழக வேண்டும். தோழர் தாளம் போடும்போது வேண்டுமென்றே தவறான இடத்தில் முடித்து, கார்வையில் நின்று, திரும்பி வாருங்கள். வாரத்துக்கு ஐந்து முறை போதும்.

மோகனத்தில் இவ்வளவும் வர ஓர் ஆண்டு ஆகலாம், சிலருக்குக் கூடவும் ஆகலாம். அடுத்த ராகமாகப் பலரும் கல்யாணிக்குப் போகிறார்கள். அங்கே ஏழு சுரம் இருப்பதோடு, ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் தாண்டிச் செல்லும் "க ம த நி" போன்ற பிடிகளும் உண்டு. மோகனத்தில் நின்ற இடங்களிலேயே நின்றால் கல்யாணி வராது. ஏட்டில் புதிய பக்கம் எடுத்து, நீங்கள் தேர்ந்த கல்யாணிக் கீர்த்தனையின் பல்லவி எந்தச் சுரத்தில் எடுக்கிறது என்று முதல் வரியில் எழுதுங்கள். அதன் கீழே, அந்தச் சுரத்துக்கு வந்து சேரும் கடைசி இரண்டு சுரங்கள்.